பச்சை ஃபைலுக்குக் கிடைத்த ஜெபம்

எனக்குப் பொறாமை குணம் உண்டு. ஊரே அறிந்த விஷயத்தைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? அதுவும் எல்லோர் மேலும் கிடையாது, பியூலா ஒருத்தி மேல்தான். பியூலா என் பெரியப்பா மகள். என்னைவிட இரண்டே மாதம் மூத்தவள். அந்த இரண்டு மாதத்துக்காக இன்றுவரை அவளை அக்கா என்று கூப்பிடுகிறேன். (பிறப்பதிலேயே முந்திக்கொண்டவள்!)

பிளஸ் டூ முடித்ததும் அவளுக்கு மாமல்லபுரம் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. எனக்குச் செங்கல்பட்டில் பி.ஏ. வரலாறு. "அதுவும் படிப்புதானே தம்பி" என்று எங்கள் ஊர் கருங்குழியே எனக்கு ஆறுதல் சொன்னது. நான் யாரிடமும் ஆறுதல் கேட்கவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். கல்லூரி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு, புதிதாகச் சேரும் பிள்ளைகள் சான்றிதழ் ஃபைலோடு முன்னால் போய் நிற்க வேண்டும். பாஸ்டர் ஃபைல் மேல் கைவைத்து ஜெபிப்பார். நர்சிங், இன்ஜினீயரிங் என்றால் ஹாஸ்டல் சாப்பாடு, பஸ் பயணம், பரீட்சை, வேலை என்று ஐந்து நிமிடம் போகும். பி.ஏ. என்றால் "ஆண்டவரே, இவனையும் ஆசீர்வதியும்" என்பதோடு சரி. (மூன்று வருடமாகக் கவனித்துத்தான் சொல்கிறேன்.)

எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி பச்சை ஃபைல். வேறு வேறு நிறத்தில் வாங்கினால் அவளுடையதுதான் அழகு என்று நான் ரகளை செய்வேன் என்று பயந்து அப்பா அப்படி வாங்கியிருந்தார். அது எனக்கு வசதியாகப் போயிற்று. சபையே கண்மூடிப் பாடிக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் எங்களுக்கு நடுவே இருந்த இரண்டு ஃபைல்களையும் இடம் மாற்றி வைத்தேன். அவள் போய் நிற்கட்டும், ஜெபம் என் சான்றிதழ்களுக்குக் கிடைக்கட்டும். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது திரும்ப மாற்றிவிடலாம் என்பது திட்டம்.

முதல் பாதி பிரமாதமாக நடந்தது. என் ஃபைலுக்கு ஐந்தரை நிமிடம். டீ வேளையில்தான் எல்லாம் கெட்டது. மொத்த சபையும் "நர்சம்மா, நர்சம்மா" என்று பியூலாவைச் சூழ்ந்துகொண்டது. ஒரே ஒரு அத்தை என்னிடம் பன்னை நீட்டினார். சந்தோஷமாக வாங்கினேன். "இத்த பியூலாவாண்ட குட்த்துடு தம்பி" என்றார். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் ஃபைலை மாற்றுவதையே மறந்து வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

மறுநாள் காலை செங்கல்பட்டுக் கல்லூரி. கவுன்ட்டரில் இருந்த கிளார்க் என் டிசியைப் பார்த்தார், என் மீசையைப் பார்த்தார், மறுபடி டிசியைப் பார்த்தார்.

"உன் பேரு இன்னா?"

"சாமுவேல் சார்."

"இதுல பியூலான்னு கீது. பெண்ணுன்னு போட்டுக்கீது." வரிசையே சிரித்தது. "பியூலாம்மா, கொஞ்சம் அப்டி ஓரமா நில்லும்மா. அடுத்த ஆளு வா!"

அப்போது போன் அடித்தது. பியூலா அழுதுகொண்டிருந்தாள். "தம்பி, உன் ஃபைலு எங்கிட்ட கீதுடா. நான்தான் பாக்காம எட்த்துகினு வந்துட்டேன் போல, மன்னிச்சிக்கடா. ஒரு மணிக்குள்ள ஒரிஜினல் குடுக்கலன்னா சீட்ட வேற ஆளுக்குக் குட்த்துடுவாங்களாம்." பின்னால் பெரியப்பா கத்துவது கேட்டது. "கண்ண எங்க வெச்சிகினு வந்த?"

மணி பதினொன்றரை. ஓடிப்போய் பஸ் பிடித்தேன். திருக்கழுக்குன்றத்தில் கோயில் கூட்டத்துக்குள் பஸ் மாட்டிக்கொண்டு நகரவே இல்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகப் பியூலாவுக்காக ஜெபித்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேலேயே போயிருக்கும்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அவள் கல்லூரி வாசலில் நின்றேன். ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். சீட் பிழைத்தது. வெளியே வந்தவளைப் பெரியப்பா விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தார். அவளோ தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"பெரியப்பா, அக்காவத் திட்டாதீங்க. நான்தான் மாத்தி வெச்சேன்" என்றேன். ஏன் என்பதையும் சொல்லித் தொலைத்தேன்.

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். பியூலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லூசு, கேட்டிருந்தா உன் ஃபைலையும் சேத்து நானே புட்ச்சிகினு நின்னிருப்பனேடா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நல்லவளாகவும் இருக்கிறாளே என்று அதற்கும் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் என்னை மட்டும் முன்னால் கூப்பிட்டார். (பெரியப்பா சொல்லியிருந்தார்.) தலைமேல் கைவைத்து, "பொறாமையிலே வெந்துபோகிற இந்தத் தம்பியை..." என்று ஆரம்பித்தவர், நான் ஆசைப்பட்டதைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகவே ஜெபித்தார். சபையில் ஒருவரும் கண்ணை மூடவில்லை.

இன்று நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன், அவள் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். ஆனாலும் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பந்தியில் நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாலும், எங்கிருந்தாவது ஒரு குரல் வந்துவிடும்: "டேய் சாமு, அது பியூலா எலைடா, மாத்திடாத!" பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

சென்ற மாதக் கல்யாணத்திலும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். நல்லி எலும்பு அவள் இலையில்தான் இருந்தது.