ஹரோல்ட் பெல்மோரின் செத்தவீடு

ரொறொன்ரோ

அன்புள்ள மச்சான் அகஸ்ரினுக்கு,

மாதாவின் காவலில் நானும் உமது தங்கச்சி ஜோசப்பினும் மகள் செரீனாவும் சுகம். உமது போன் வருமட்டும் இன்னும் கொஞ்சம் சுகமாக இருந்தோம்.

உமது இங்கிலாந்துக் கிராமத்தில், இரண்டாம் உலக யுத்தகாலத்தில் கனடாக்காரர் குண்டுவீச்சு விமானம் பறக்கவிட்ட தளம் இப்போது உருளைக்கிழங்குத் தோட்டம் என்றும், அந்தப் படைக்குத் தேவாலய வாசலில் ஒரு கல்லும் குடிக்கிற தவறணை வாசலில் ஒரு கல்லும் ஏற்கெனவே இருக்க, போதாதென்று அங்கே விமானம் விழுந்து செத்த ஹரோல்ட் பெல்மோர் என்ற பெடியனுக்கு மூன்றாவதும் வைக்கிறார்கள் என்றும் சொன்னீர். நல்லது, கல்லுக்கு அங்கே பஞ்சமில்லைப் போல. ஆனால் கமிற்றிக் கூட்டத்தில் எழும்பி நின்று, "என்ர மச்சான் கனடாவில. செத்த பெடியன்ர சொந்தக்காரரைப் பிடிச்சுக் கொண்டுவருவார்" என்று வாக்குக் கொடுத்தீரே. எங்கள் ஊர்ச் சண்டையில் விமானம் இரைந்தால் பங்கர்க் குழிக்குள் பாய்ந்து வளர்ந்த என்னை, குண்டு போட்டவனின் குடும்பத்தைத் தேடவிட்ட உமது மூளைக்கும் ஒரு கல் வைக்கலாம்.

ரொறொன்ரோவில் ஆளைத் தேட எனக்குத் தெரிந்த வழி தமிழ் வானொலிதான். அவர்கள் நான் கொடுத்ததை மரண அறிவித்தலோடு சேர்த்து, சோக இசையும் போட்டு, "ரொறொன்ரோவைப் பிறப்பிடமாகவும் இங்கிலாந்தை வதிவிடமாகவும் கொண்ட ஹரோல்ட் பெல்மோர் அவர்கள் விமான விபத்தில் அகால மரணமானார், தொடர்புகளுக்கு நீக்கிலாஸ்" என்று வாசித்துவிட்டார்கள். எண்பது வருஷத்துக்கு முந்திய சாவு என்பதை மட்டும் நேரமில்லையென்று விட்டுவிட்டார்கள்.

பின்னேரமே சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அப்பார்ட்மென்ற் செத்தவீடாகிவிட்டது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதே, ஆகவே மில்லிக்கனிலிருந்து தவமணி அன்ரி இடியப்பத்தோடும் சொதியோடும், ஒஷாவாவிலிருந்து பஸ்ரியன் அண்ணை குடும்பத்தோடும் செபமாலையோடும் வந்து இறங்கிவிட்டார்கள். "வெள்ளைக்கார மருமகன் இருந்ததை ஒரு சொல்லுச் சொல்லேல்லையே, தம்பி" என்று அன்ரி குறைப்பட்டா. "அப்பா, சீரியஸ்லி, நான் எப்ப கலியாணம் கட்டினனான்?" என்று செரீனா கேட்டாள். "பாவம் பிள்ளை, அதிர்ச்சியில கதைக்குது" என்று சனம் இன்னும் அழுதது. நான் விளக்க வாயெடுத்தால் பஸ்ரியன் அண்ணை அடுத்த செபத்தைத் தொடங்குகிறார்.

ஆனபடியால் மச்சான், உண்மையான சொந்தக்காரர் ஒருவரும் அகப்படவில்லை. கல் திறப்புக்கு நானும் வரமாட்டேன். குண்டு போட்டவனுக்கு மாலை போட என் கை நீளாது. கமிற்றியிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடும்.

அந்தோனியார் உமது குடும்பத்தையும், முக்கியமாக உமது வாயையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
நீக்கிலாஸ்

பி.கு.: சனம் போனபிறகு ஜோசப்பின் அந்தப் பெடியனின் வயதைக் கேட்டாள். இருபது என்றேன். "எங்கட றோய்க்கும் அதுதானே வயசு" என்றாள். உமது தம்பி றோய் கோயிலுக்குள் விமானக் குண்டு விழுந்து செத்த அன்று ஊரே ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சனம் வீட்டுக்கு வரவில்லை. "உவன் ஆரெண்டு தெரியாமலே இவ்வளவு பேர் வந்து அழுதிட்டுப் போகினம். என்ர தம்பிக்கு நான் மட்டும்தான் அழுதனான்" என்று சொல்லிவிட்டு விடியுமட்டும் அழுதாள். இரண்டு பேருக்கும் டிக்கெற் எடுத்தாயிற்று, மாலையை நான் கொண்டுவாறன். உம்மட கமிற்றிக்குச் சொல்லும், பெடியன்ர அக்கா கனடாவிலயிருந்து வாறா எண்டு.