உடும்பண்ணன் நலம் விசாரித்தார்

எதிராளியிடம் நலம் விசாரித்தே குத்துச்சண்டையில் ஜெயித்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சிங்காநல்லூர்க்காரர். உலகத்தை நான் சுற்றிப் பார்த்ததில்லை என்றாலும் இந்த விஷயத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

அவர் பெயர் உடும்பு. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். போட்டி நடக்கும் இடத்தில் மைக்கிலேயே, “நீல மூலையில் நம்ம உடும்பு!” என்றுதான் அறிவிப்பார்கள். தொழில், பந்தல் போடுவது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று நாள்தோறும் பந்தல் கால்களை மார்போடு அணைத்துத் தூக்கி நட்டுப் பழகியதில், எதிரே எது வந்து நின்றாலும் அவர் கைகள் போய்க் கட்டிக்கொள்ளும். மாவட்டத்தில் எங்கே குத்துச்சண்டை நடந்தாலும் மேடை கட்டுவதும் அவர்தான். காலையில் மேடை கட்டுவார், மத்தியானம் நாற்காலி போடுவார், சாயங்காலம் கையுறை மாட்டிக்கொண்டு அதே மேடையில் ஏறுவார்.

குத்துச்சண்டையில் களைத்தவன் எதிராளியைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கிக்கொள்வது உண்டு. நடுவர் ‘பிரேக்’ என்று சொன்னதும் இருவரும் ஓர் அடி பின்னால் போய் மறுபடி ஆட வேண்டும். ஓயாமல் பிடித்தால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கை வந்தால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றிவிடுவார்கள். உடும்பண்ணன் வெறுமனே பிடிக்கிறவராக மட்டும் இருந்திருந்தால் முதல் வருஷமே வீட்டுக்குப் போயிருப்பார். அவர் பிடித்துக்கொண்டு பேசுவார்.

நான் முதன்முதலாகப் பார்த்த ஆட்டத்தில் எதிராளி சத்தியமங்கலத்துப் பையன். நல்ல வேகம். வந்த வேகத்தில் இரண்டு குத்து விட்டான். மூன்றாவது குத்துக்குள் உடும்பண்ணன் அவனை வாரி அணைத்துக்கொண்டு காதருகே கேட்டார்.

“ஏனுங் கண்ணு, சத்தியில மழைங்களா?”

எங்கள் கொங்கு நாட்டில் பிறந்தவன் அடியைக்கூடப் பொறுத்துக்கொள்வான். மரியாதையாக ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. பையன் வாயைத் திறந்தான்.

“நேத்து நெம்ப நல்ல மழைங்ணா...”

அவ்வளவுதான். பல்லுக்குப் போட்டிருந்த ரப்பர்க் கவசம் வாயிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. உடும்பண்ணனுக்கோ அதைக் கடித்தபடியே பேசிப் பழக்கம். கவசத்தைத் துப்பியதற்காக நடுவர் பையனைக் கண்டித்தார். அதை எடுத்துக் கழுவி மாட்டுகிற வரைக்கும் உடும்பண்ணன் கயிற்றில் சாய்ந்து ஆற அமர மூச்சு வாங்கிக்கொண்டார். புள்ளிக்கணக்கில் ஜெயித்தும்விட்டார்.

நடுவர்களும் தப்பவில்லை. ஒரு முறை விலக்கிவிட வந்தவர் வெள்ளகோவில் பக்கத்து டிரில் மாஸ்டர். “பிரேக்!” என்று நடுவே கையை நுழைத்தார்.

“சாருங்க, போர் போட்டீங்களே, தண்ணி வந்துச்சுங்களா?” என்றார் உடும்பண்ணன், பிடியை விடாமலே.

“அதையேனுங்க கேக்கறீங்க? வெறும் புழுதிதானுங்க வந்துச்சு.”

“தேங்கா வெச்சு நீரோட்டம் பாத்தீங்களா சார்?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். “அதெல்லாம் பாத்தாச்சுங்க” என்று நடுவர் திரும்பிப் பதில் சொன்னார். பிடிபட்டிருந்த எதிராளியும், தன் மாமா ஊரில் கைராசியான ஆள் ஒருவர் இருப்பதாகத் தெரிவித்தான். மூன்று பேரும் தோளோடு தோள் சேர்ந்து நின்று நிலத்தடி நீரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கையில் ரவுண்டு முடிந்து மணி அடித்துவிட்டது.

இப்படிப்பட்ட மனிதரோடுதான் நான் மாவட்ட இறுதிப் போட்டியில் மோத வேண்டி வந்தது. பிளஸ் டூ முடித்திருந்தேன். என் மார்க்கைப் பார்த்த கல்லூரிகள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் வாசல் பக்கம் கையைக் காட்டின. ஒரே ஒரு கல்லூரியில் மட்டும் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொன்னார்கள், மாவட்டத்தில் முதலாவதாக வந்தால். இரண்டாவதாக வந்தால் அப்பாவோடு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான். உடும்பண்ணனுக்கும் அது கடைசி ஆட்டம். தை மாதம் கல்யாணம். பெண் வீட்டார் மூக்கு உடையாத மாப்பிள்ளையாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை அவருக்குத் தங்கம் கிடைத்ததில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கோட்டைமேட்டில் தையல் கடை வைத்திருந்த பாய். கழுத்தில் அளவு டேப்போடுதான் பயிற்சி தருவார்.

“அவரு புடிச்சா நீ புடிக்காதே கண்ணு. கையி ரெண்டையும் விரிச்சுக் காட்டு. யாரு புடிக்கறாங்கன்னு நடுவருக்குத் தெரியோணும். தள்ளாதே, மூச்சு போயிரும். பிரேக்குன்னா ஒரு எட்டு பின்னால வெச்சு, ஒடனே எடது கையை நீட்டு. ஆனா இதெல்லாம் பெருசில்ல. கேட்டா பதில் சொல்லாதே. அதான் முக்கியம்.”

அதற்குத்தான் கடுமையான பயிற்சி. பாய் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “சாப்ட்டாச்சுங்களா?” என்பார். “ஆச்சுங்க, நீங்க?” என்று என் வாய் தானாகச் சொல்லும். மண்டையில் ஒரு தட்டு விழும். சட்டை தைக்க வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு என்னிடம் நலம் விசாரிக்கச் சொன்னார். நான் கல் மாதிரி நிற்கப் பழகினேன். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. “இன்னொரு தோசை போடட்டுமா?” என்று அம்மா கேட்டபோது நான் பேசாமல் முறைத்துப் பார்த்திருக்கிறேன். அம்மா பயந்துபோய் அன்றைக்கே மிளகாய் சுற்றிப் போட்டாள்.

போட்டி நாள் வந்தது. நடுவர் சென்னையிலிருந்து வந்தவர், ஊர்க்கதை எதுவும் அவரிடம் செல்லாது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட முகம்.

முதல் ரவுண்டு. ஓடினேன், இடது கையை நீட்டினேன், எட்டவே நின்றேன். என்ன செய்தும் பிடித்துவிட்டார்.

“தம்பி, அம்மாளுக்கு மூட்டு வலி தேவலைங்களா?”

பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். உடும்பண்ணன் திடுக்கிட்டுப்போய்த் தலையைப் பின்னுக்கு இழுத்து என் முகத்தைப் பார்த்தார். “எம்மேல எதாச்சும் கோவமுங்களா?” என்றார், நிஜமான வருத்தத்தோடு. எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. நடுவர் அவருக்கு முதல் எச்சரிக்கை கொடுத்தார்.

இரண்டாவது ரவுண்டில் அக்காவின் பிரசவத்தைப் பற்றிக் கேட்டார். “என்ன கொழந்தைங்க தம்பி?” நாக்கு நுனி வரை வந்த பதிலை விழுங்கினேன். விலக்க வந்த நடுவரிடமும் முயன்று பார்த்தார்.

“சாருங்க, ரயில்ல வந்தீங்களா, பஸ்ஸுங்களா?”

இரண்டாவது எச்சரிக்கை!

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. இன்னும் ஒரு முறை பிடித்தால் உடும்பு வெளியே. இடைவேளையில் பாய் என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே துள்ளினார். “இனி அவரால புடிக்க முடியாது கண்ணு! உள்ள பூந்து அடி!”

பூந்தேன். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோம். பிடிக்காத உடும்பை அதுவரை யாருமே பார்த்ததில்லை. அந்த மனிதருக்கு அடிக்கவும் தெரிந்திருந்தது! நான் இரண்டு கொடுத்தால் அவர் மூன்று கொடுத்தார். கூட்டம் விசிலடித்துக் கூரையைப் பிய்த்தது. எனக்கும் வெறி வந்துவிட்டது. என் மூலையருகே நின்றபடி அவரை நெருக்கி வலது கையை ஓங்கினேன். அதற்குள் எங்கிருந்தோ அவருடைய இடது கை வந்து என் தாடையில் இறங்கியது.

சத்தமெல்லாம் நின்றுவிட்டது. விளக்குகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. முழங்கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்று தெரிந்தது. கல்லூரி, மளிகைக் கடை, பொட்டலம் எல்லாம் ஒரே சமயத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன. பின்பக்கமாகச் சாய்ந்தேன்.

அவர் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா நிற்பதுதான். நான் விழுந்திருப்பேன், தங்கம் அவருக்கு. ஆனால் இரண்டு கைகள் வந்து என்னைச் சுற்றி வளைத்தன. பந்தல் காலைப் பிடிக்கிற அதே பிடி.

“கண்ணு, காலு நிக்குதுங்களா?”

இத்தனை நாள் பயிற்சியும் காற்றில் போயிற்று.

“நிக்குதுங்ணா” என்றேன்.

“பொய் சொல்லாதீங்க. நிக்கல. அப்புடியே எம்மேல சாஞ்சுக்குங்க.”

நடுவர் நின்ற பக்கத்திலிருந்து அவருக்கு உடும்பண்ணனின் முதுகும், என்னை வளைத்திருந்த கைகளும்தான் தெரிந்தன. “பிரேக்!” என்றார். உடும்பண்ணன் விடவில்லை. “பிரேக்!” விடவில்லை. மூன்றாவது எச்சரிக்கை. ஆட்டம் முடிந்தது.

நடுவர் கையைக் காட்டி வெளியே போகச் சொன்ன பிறகும், பாய் ஸ்டூலைக் கொண்டு வந்து என்னை உட்கார வைக்கிற வரைக்கும் அவர் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

“கையில வந்த தங்கத்தை உட்டுப்போட்டீங்களே, ஏனுங்க?” என்று பாய் கேட்டார்.

“நீங்க வேறீங்க பாய். இந்த மூலையில பலகை பத்தாம வெறும் சிமெண்டு மேலதான் விரிப்பைப் போட்டு வெச்சிருக்கறேன். நாங் கட்டுன மேடைல மண்டை ஒடைஞ்சா, நாளைக்கு எவனுங்க எனக்குப் பந்தல் சோலி குடுப்பான்?”

சொல்லிவிட்டு அவசரமாகக் கையுறையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது.

தலை தெளிந்ததும் முடிவை அறிவிக்க எங்களை நடு மேடைக்குக் கூப்பிட்டார்கள். நடுவர் என் கையைத் தூக்கினார். கூட்டம் கத்தியது. கல்லூரி கிடைத்துவிட்டது. வழக்கப்படி தோற்றவரும் ஜெயித்தவரும் கட்டிக்கொள்ள வேண்டும். உடும்பண்ணனோ இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, நடுவரை ஓரக்கண்ணால் பார்த்தபடி பயந்து நின்றார்.

நான் போய் அவரைக் கட்டிக்கொண்டேன். முதல் ரவுண்டிலிருந்து விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் அவர் காதில் சொன்னேன்.

“அம்மாளுக்கு இப்பத் தேவலைங்ணா. அக்காளுக்குப் பொம்பளப் புள்ளைங்ணா. உங்க மேல கோவமெல்லாம் ஒண்ணுமே இல்லீங்ணா...”

நடுவர் பழக்கதோஷத்தில், “பிரேக்” என்றார்.

நான் விடவில்லை.