மாமனாரின் கண்கட்டும் கடைசிப் பதினாறு பக்கங்களும்

எனக்குக் கொலை நாவல் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும் இல்லையா, அந்த வகை. வீட்டில் மற்ற எல்லோரும் படிக்கிறார்கள். மகன், மருமகள், பேத்தி மூவரும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிணத்தைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவது. "நீங்களும் படிச்சுப் பாருங்களேன் தாத்தா" என்று பேத்தி புத்தகத்தை நீட்டுவாள். நீட்டும்போதே சிரிப்பாள். அவள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நடந்த சங்கதியை, கூடவே இருந்து பார்த்தவள் மாதிரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் சொல்வதில் பாதி பொய். உண்மையான பாதி அதைவிடக் கேவலம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போது நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. நான் பெரம்பலூரில் வாத்தியார். வைகாசியில் கல்யாணம், ஆடி பிறந்ததும் பெண்ணை அரியலூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். புது மாப்பிள்ளை ஆடிப் பதினெட்டுக்குப் போய் விருந்து சாப்பிட வேண்டும். மனைவியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஆவணி பிறந்தபின் அழைத்து வர வேண்டும். இதுதான் ஏற்பாடு. (இந்த ஏற்பாட்டைச் செய்தவருக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்காது.)

மாமனார் வீட்டுக்குத் தேய்ந்த செருப்போடு போக எனக்கு மனம் வரவில்லை. லப்பைக்குடிக்காட்டு நண்பன் காதரிடம், அவன் அண்ணன் பினாங்கிலிருந்து கொண்டுவந்த கறுப்பு ஷூ ஒரு ஜோடி இருந்தது. என் காலுக்கு அது ஒரு விரற்கடை பெரிது. அதனால் என்ன, கௌரவமும் ஒரு விரற்கடை பெரிதாகத் தெரியட்டும் என்று இரவல் வாங்கினேன். பஸ்ஸில் படிக்க ஒரு நாவலும் கேட்டேன். 'மூடிய அறையில் ஒரு மிராசுதார்' என்று ஒன்றைக் கொடுத்தான். பல கை மாறித் தையல் விட்டுப்போன புத்தகம். மேலே செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தான்.

"ஷூ பத்திரம். கிதாபு அதைவிடப் பத்திரம்" என்றான் காதர்.

பஸ் புறப்படும் நேரம். கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார். நான் ஒரு எட்டு வைத்தால் ஷூ மட்டும் பின்னாலேயே நின்றுவிடுகிறது. அவசரமாகப் பைக்குள் கையை விட்டேன். புத்தகத்துக்குப் போட்டிருந்த செய்தித்தாள் அட்டை கையோடு வந்தது. அதை இரண்டாகக் கிழித்து, இரண்டு ஷூவின் மூக்கிலும் திணித்துக்கொண்டு ஓடி ஏறினேன். இப்போது பொருத்தமாக இருந்தது. நடந்தால் சரக் சரக்கென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பினாங்கு ஷூ பேசாமலா இருக்கும் என்று அதையும் பெருமையில் சேர்த்துக்கொண்டேன். பெட்ரோல் இல்லாமல் கரி எரித்து ஓடிய பஸ் அது. அந்தப் புகையில் புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை.

அரியலூரில் இறங்கி வீட்டுக்குப் போனால் விருந்து வாசனையே இல்லை. மாமனார் கூடத்துக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கண்ணிலும் கட்டு. தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை. திருச்சியில் இடது கண்ணில் புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, ஆஸ்பத்திரியில் கிடக்கமாட்டேன் என்று அடம்பிடித்து, கட்டோடு வந்து இறங்கிவிட்டாராம். இன்னும் பன்னிரண்டு நாள் தலையைத் தூக்கக்கூடாது, கத்தக்கூடாது, இருமக்கூடாது, சிரிக்கவும் கூடாது. மீறினால் கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். (சிரிப்பைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. முப்பது வருஷம் கோர்ட்டில் தலைமை குமாஸ்தாவாக இருந்தவர்.)

அத்தை என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். "மாப்ளே, ஒங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? மனுசன் ஒரு எடத்துல கெடக்க மாட்டேங்கிறாரு. கண்ணு நல்லபடியா தொறந்துட்டா ஆவணி ஒண்ணாந்தேதியே மரகதத்தை அழைச்சிக்கிட்டுப் போங்க. கண்ணு போச்சுன்னா, என்னால ஒண்டியாப் பாக்க முடியாது. அவ இங்கதான் இருந்தாவணும்."

மரகதம் என்பது என் மனைவி. கதவுக்குப் பின்னால் அவள் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. கல்யாணமாகி இரண்டு மாதம். ஒரு மாமனாரின் இடது கண்ணுக்காக அந்த வயதில் எந்த வாலிபனும் அப்படி வேண்டிக்கொண்டிருக்க மாட்டான்.

"மாமா, ஒரு நாவல் இருக்கு. படிக்கட்டுங்களா?" என்றேன்.

"ராஜா கதையா?"

"கொலைங்க."

"படிங்க."

முதல் அத்தியாயத்திலேயே மிராசுதார் உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறையில் செத்துக் கிடந்தார். வெற்றிலைப் பெட்டியைக் காணோம். வீட்டில் ஐந்து பேர்: தம்பி, இளைய மனைவி, கணக்குப்பிள்ளை, சமையல்காரர், குடும்ப டாக்டர். மாமனார் அசையவில்லை. ஒரு மணி நேரம் விரலைக்கூட அசைக்கவில்லை. அத்தை வந்து மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை நான், அந்த நிமிஷத்திலிருந்து வைத்தியத்தில் சேர்ந்துவிட்டேன். ஸ்கூலுக்கு லீவு கடிதாசி எழுதிப் போட்டேன்.

தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் படிப்பேன். மாமனார் அதைக் கோர்ட்டாகவே நடத்தினார். "நிறுத்துங்க. சமையக்காரன் மணி எத்தனைன்னு சொன்னான்? மூணாவது அத்தியாயத்தைத் திருப்பிப் படிங்க." படித்து முடித்ததும் புத்தகத்தை வாங்கித் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொள்வார், யாரும் முன்கூட்டிப் புரட்டிவிடக் கூடாதாம். மறுநாள்தான் என் கைக்கு வரும். கட்டு மாற்ற வரும் கம்பவுண்டர் வேறு வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சமையல்காரர் மேல் சந்தேகம். அத்தைக்கு இளைய மனைவி மேல்.

"மிராசுதார் செத்த மறுநாளே பவுடர் போடுறா பாருங்க" என்பார் அத்தை.

"பவுடர் போட்டா தூக்குத் தண்டனை கெடையாது" என்பார் மாமனார். ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "முப்பது வருசம் கேஸ் கட்டைத் தூக்கியிருக்கேன் மாப்ளே. பாதி கேசுல எவன் செஞ்சான்னு கடைசி வரைக்கும் தெரியாது. சாட்சி பல்டி அடிப்பான், ஜட்ஜு மாறிப் போவாரு, கட்டைக் கட்டி மேல போட்டுடுவோம். இதுல அப்படி இல்ல பாருங்க. எவன்னு கட்டாயம் சொல்லியாவணும். அதுவும் மொதல்லேந்து நம்ம முன்னாடி நடமாடுனவனா இருக்கணும். கடைசில புதுசா ஒருத்தனைக் கொண்டாந்து நிறுத்தக்கூடாது. அதுதான் இதுல நேர்மை."

கேட்க எனக்கே நெகிழ்ச்சியாக இருந்தது. அந்த மனிதருக்கு முப்பது வருஷத்தில் கிடைக்காத ஒரு தீர்ப்பை என் குரலால் தரப்போகிறேன் என்று கர்வப்பட்டேன்.

ஒன்பதாம் நாள். துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார். "கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறார். அவர்..." பக்கத்தைத் திருப்பினேன். பின்னட்டை. பதினாறு பக்கம் கொண்ட கடைசிப் பாரத்தையே காணோம்.

"அவர்?" என்றார் மாமனார்.

"தொண்டை கட்டிக்கிச்சுங்க மாமா. மீதி நாளைக்கு."

அன்று சாயங்காலம் நானே துப்பறிவாளரானேன். காகிதத் தட்டுப்பாட்டுக் காலம். துண்டுக் காகிதத்துக்கும் மதிப்பு. கம்பவுண்டர் மருந்துப் பொடியைக் காகிதத்தில்தான் மடித்துக் கொடுப்பார். ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் பழைய பஞ்சாங்கம். பொடி கொட்டியதுதான் மிச்சம். பிறகு அத்தையிடம் போய், "அடுப்புக்கு ஏதாவது பேப்பர் எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வூட்டுல மாப்ள பொருளைத் தொட்டு அடுப்பு எரிக்கிற வழக்கம் இல்லீங்க" என்றார். விஷயத்தைச் சொன்னதும் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. "ஐயோ, முடிவு இல்லேன்னு தெரிஞ்சா எந்திரிச்சு ஒக்காந்துடுவாரே! வாத்தியார்தானே நீங்க? எதையாவது சொல்லி முடிச்சு வுடுங்க."

மறுநாள் பின்னட்டையைப் பார்த்தபடி என் சொந்தச் சரக்கைப் படிக்க ஆரம்பித்தேன். கொலையாளி டாக்டர் என்றேன். வீட்டில் யாரும் சந்தேகப்படாத ஆள் அவர்தான்.

"எப்படி?" என்றார் மாமனார். "அன்னைக்கு டாக்டர் கும்பகோணத்துல இருந்ததை நாலு பேரு பாத்திருக்கான். அஞ்சாவது அத்தியாயம்."

அது எனக்கு மறந்தே போயிருந்தது. பாவி டாக்டர், அன்றைக்குப் பார்த்துக் கும்பகோணத்துக்குப் போயிருக்கிறான். கம்பவுண்டர் என்னையே பார்த்தார். அத்தை கண்ணாலேயே கெஞ்சினார்.

"கும்பகோணத்துல இருந்தது... டாக்டர் இல்லைங்க. அவரோட ரெட்டைப் பிள்ளைத் தம்பி" என்றேன்.

"என்னது?"

"டாக்டருக்கு ரெட்டைத் தம்பி ஒருத்தரு இருந்தாராம் மாமா. யாருக்கும் தெரியாதாம்."

மாமனார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மணல் மூட்டை இரண்டும் கீழே விழுந்தன. "இது மோசடி!" என்று கத்தினார். அத்தை அலறினார். கம்பவுண்டர் பாய்ந்து தோளைப் பிடித்து அழுத்தினார். கதவுக்குப் பின்னாலிருந்து மரகதமே ஓடிவந்துவிட்டாள். ஆடி பிறந்தபின் அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அடுத்த இரண்டு நாளும் அந்த வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. மாமனார் புத்தகத்தை நெஞ்சில் வைத்துத் தடவியபடியே கிடந்தார். நான் கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாகச் சரக் சரக்கென்று நடந்தேன். பொய் சொன்னதால் ஒரு மனிதரின் கண்ணைக் குருடாக்கிவிட்டோமே என்று உண்மையாகவே அழுதேன்.

பதின்மூன்றாம் நாள் காலை கம்பவுண்டர் கட்டைப் பிரித்தார். விரல்களை நீட்டினார்.

மாமனார் கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு, "மூணு வெரலு. நகம் வெட்டணும்" என்றார்.

அத்தை தரையில் உட்கார்ந்து அழுதார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் இருங்க. மரகதத்தையும் கூப்பிடு" என்றார் மாமனார். "மாப்ளே, நீங்க வந்த அன்னைலேந்து வாசல்ல ஒங்க ஷூ சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். தோல் சத்தம் இல்ல அது. காயிதச் சத்தம். உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"பெருசா இருந்துச்சுன்னு... புத்தகத்துக்குப் போட்டிருந்த செய்தித்தாள் அட்டைங்க மாமா."

"அட்டை என்கிட்டல்ல இருக்கு?"

புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். செய்தித்தாள் அட்டை ஒரு கிழிசல் இல்லாமல் அப்படியே இருந்தது. பத்து நாள் அதைத் தினமும் கையில் பிடித்துத்தான் படித்திருக்கிறேன், நான் ஒரு வாத்தியார்.

"ரெண்டு நாளா அட்டையைத் தடவிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்" என்றார். "போய்க் கொண்டாங்க."

இரண்டு ஷூவையும் கூடத்தின் நடுவே கொண்டுவந்து வைத்தேன். மரகதம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காகிதத்தை வெளியே இழுத்தாள். கடைசிப் பாரம். என் கட்டைவிரல் பட்ட இடம் நைந்திருந்தது. மற்றபடி எல்லாம் படிக்கும்படிதான் இருந்தது.

"படிம்மா" என்றார் மாமனார்.

கிழிந்ததைச் சேர்த்துப் பிடித்து அவள் படித்தாள். "'...அவர் டாக்டர்தான்' என்றார் துப்பறிவாளர். எல்லோரும் திடுக்கிட்டனர். 'அப்படியானால் கும்பகோணத்தில் இருந்தவர்?' துப்பறிவாளர் புன்னகைத்தார். 'டாக்டருக்கு ஓர் இரட்டைச் சகோதரர் உண்டு என்பது இங்கே யாருக்கும் தெரியாது.'"

நான் மெதுவாக நிமிர்ந்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அதுவும் அச்சில், நான் சொன்னது சரியாகியிருக்கிறது. மாமனாரின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் அந்தக் காகிதத்தை வாங்கி, புதுக்கண்ணுக்கு எதிரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கீழே போட்டார்.

"எழுதுனவனும் கடைசிப் பாரத்தை ஷூவுல வெச்சுத் தொலைச்சிட்டான் போல" என்றார்.

மரகதம்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் அத்தை, கம்பவுண்டர், கடைசியில் மாமனாரும். சிரிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை யாரும் நினைவுபடுத்தவில்லை. ஆவணி ஒன்றாம் தேதி மரகதத்தை அழைத்துக்கொண்டு பெரம்பலூர் திரும்பினேன். வழிநெடுக அவள் என் காலைப் பார்ப்பதும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பதுமாக வந்தாள்.

மாமனார் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இருந்தவரை நான் அந்த வீட்டு வாசலில் கால் வைத்தால், "ஒதறிட்டு உள்ள வாங்க மாப்ளே" என்ற குரல் வரும். இப்போது என் வீட்டிலும் அதே கதைதான். மூக்குக் கண்ணாடியைக் காணோமா, ரேஷன் கார்டைக் காணோமா, முதலில் என் செருப்பைத்தான் தேடுவார்கள். போன தை மாதம் பேத்தியின் கல்யாணத்தில் திருமாங்கல்யத்தைக் கொஞ்ச நேரம் காணவில்லை. மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். மணமேடையிலிருந்து பேத்தி, பக்கத்திலிருந்து மரகதம், பின்னால் நின்ற நாற்பது பேர் என எல்லோரும் ஒரே நேரத்தில் என் காலைப் பார்த்தார்கள்.

எனக்கும் வயதாகிவிட்டது. யாரோடும் வாதாடத் தெம்பில்லை. குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றி, சபைக்கு நடுவே உதறிக் காட்டினேன்.