கழுத்து ஒன்று, முடிவு இரண்டு

தனக்கொடிக்குத் தைராய்டு சரியாக இருக்கிறது என்று புதுச்சேரி லேப் ஒன்று சொன்னது. ரொம்பக் குறைவு என்று அடுத்த தெரு லேப் சொன்னது. குறைவென்றால் ஆயுசு முழுக்க மாத்திரை. வில்லியனூர் டாக்டர் செலின் மேரி இரண்டு முடிவுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

கரும்பு வெட்டு நேரம் என்பதால் தனக்கொடியை இரண்டு லேபுக்கும் கூட்டிப்போனவள் தங்கை சின்னபொண்ணு. கணவர் சுப்புராயன் இன்றுதான் வந்திருந்தார். கரும்பு வண்டி நிறுக்கும் எந்த எடைமேடையையும் நம்பாத மனிதர்.

"எவன் பொய் சொல்றான்னு நான் கண்டுபுடிக்கிறேன் டாக்டரம்மா. ஒரே வண்டிய ரெண்டு மேடையிலயும் ஏத்திப் பாத்தா தெரிஞ்சிடும்."

"அதுக்கு மறுபடியும் ரத்தம் வேணுமே?"

"இனிமே ஒரு சொட்டு கெடையாது," என்றாள் தனக்கொடி.

"உன்னுது வேணாம். சோதிக்கப் போறது லேப. ரத்தம் யாருதா இருந்தா இன்னா?"

இரண்டு லேபிலும் சுப்புராயன் தன் கையையே நீட்டினார். ஒன்றில் எட்டு என்று வந்தது. மற்றதில் நூற்று மூன்று. நூற்று மூன்று சொன்ன லேபில் போய் மேசையைத் தட்டினார். மரியாதையாக வெளியே அனுப்பிவைத்தார்கள்.

மறுபடி நால்வரும் கூடினார்கள். டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க, அளவுதான் வேற. ஒருத்தர் மணங்குல நிறுக்கறாரு, ஒருத்தர் கிலோவுல. உங்களுக்கும் ஒண்ணுமில்ல, லேபுங்களுக்கும் ஒண்ணுமில்ல."

சுப்புராயனுக்கு முகம் தொங்கிவிட்டது. லேப் பொய் என்றால் சண்டை போடலாம். மெய் என்றால் என்ன செய்வது?

"அப்ப இவ ரத்தம் மட்டும் தெருவுக்குத் தெரு மாறுதா?"

"அதான் எனக்கும் புரியல. பெரிய ஆஸ்பத்திரியில சேத்துடலாம். கழுத்துலயே ஊசி போட்டு எடுத்துப் பாப்பாங்க."

தனக்கொடி அழ ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நாலுபேர் முன்னால் அவள் கையைத் தொடாத சுப்புராயன் இப்போது அதைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"பயப்படாத. நானும் கூடவே வந்து படுத்துக்கறேன்."

"கட்டில் ஒருத்தருக்குத்தாங்க," என்று டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

கதவோரம் நின்றிருந்த சின்னபொண்ணு தொண்டையைச் செருமினாள்.

"ரெண்டாவது லேபுல ஊசியப் பாத்ததுமே அக்கா மயங்கிடுச்சு மாமா. பஸ்ஸேறி வந்துட்டு சும்மா போவணுமா, கூடப் பொறந்தவங்க ரத்தம் ஒண்ணுதானேன்னு நான் கைய நீட்டிட்டேன்... அப்ப மாத்திரை எனக்கா டாக்டரம்மா?"