வயிற்றுக் காற்றும் வெற்றிலைச் சுண்ணாம்பும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
14.6.1994

அன்புள்ள மாப்பிள்ளை வைகுண்டராஜுக்கு, அத்தான் அழகியமணவாளன் எழுதிக்கொண்டது.

வயிற்றில் நான்கு தையலோடு நான் இங்கே சுகமாக இருக்கிறேன். பித்தப்பையில் கல்லோடு நீங்கள் ராஜபாளையம் போய்ச் சேர்ந்தீர்களா என்று தெரியவில்லை. நேற்று நீங்கள் ஓடிய திசையைப் பார்த்தபடி உங்கள் அக்கா அம்புஜவல்லி இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். காஞ்சனாவையும் பிள்ளைகளையும் உங்கள் தறிகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மதுரையில் உங்களுக்கு ஆபரேஷன். போன மாதம் ஒரு கல் நழுவிக் குழாயை அடைத்து, உங்களுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. இன்னொரு தடவை நழுவினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிறவர் நீங்கள். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைக் கண்டால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவீர்கள். அதே ஆபரேஷனை முடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பிய என்னை நேரில் பார்த்தால் தைரியம் வரும் என்று உங்கள் அக்கா வரச் சொன்னாள். வந்தீர்கள். வந்த நேரம் பார்த்து நான் வலது தோளைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தேன்.

"வயித்துல ஆப்பரேசன் பண்ணுனா தோளு ஏன் அத்தான் வலிக்கி? ஆள மாத்திப் பண்ணிட்டாவளா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முப்பது வருஷம் விஞ்ஞானப் பாடம் நடத்தியவனிடம் கேள்வி கேட்டால் விடுவானா? எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வயிற்றைக் கிழிக்காமல் துளை போட்டுக் காமிராவை உள்ளே விடுகிறார்கள். சரிந்து கிடக்கிற கூடாரத்துக்குள் டார்ச் லைட்டோடு நுழைந்தால் என்ன தெரியும்? அதனால் கார்பன் டை ஆக்சைடை ஏற்றி அந்தக் கூடாரத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். உள்ளே மின்சாரத்தால் சுட்டு ரத்தக் கசிவை நிறுத்துவார்கள். ஆக்சிஜனாக இருந்தால் தீ பிடிக்கத் துணை போகும். சாதாரணக் காற்று என்றால் லேசில் கரையாது. இது எரியாது, சோடாவில் கரைந்திருக்கிற மாதிரி ரத்தத்திலும் சட்டென்று கரைந்துவிடும். வேலை முடிந்ததும் பெரும்பகுதியைத் துளை வழியாகவே வெளியே விட்டுவிடுகிறார்கள். மிச்சம் ரத்தத்தில் கரைந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சோடு வெளியேறிவிடும். பிறந்தது முதல் நாம் விடுகிற மூச்சில் அதுதானே போகிறது? திருவிழாவுக்கு அதே ரூட்டில் நாலு பஸ் கூடுதலாக விடுகிற மாதிரி, அவ்வளவுதான். அது முழுக்கப் போய்த் தீரும்வரை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானத்தை உறுத்தும். அதற்குப் போகிற நரம்பும் தோளுக்குப் போகிற நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால், அங்கே உறுத்துவதைத் தோள் வலி என்று மூளை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் சத்திரப்பட்டிக்குப் போன் போட்டால் சேத்தூரில் எடுத்து "யாருவே?" என்கிறார்களே, அதே கோளாறு.

இதையெல்லாம் கேட்டு உங்கள் முகம் தெளிந்தது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்தால்தான் மனதில் பதியும் என்பது வாத்தியார் புத்தி. உங்கள் அக்காவின் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, ஒரு பப்பாளி இலைக் காம்பை விட்டு ஊதினேன். மூச்சிலிருக்கிற கார்பன் டை ஆக்சைடு பட்டுத் தண்ணீர் பால்போல் வெளுத்தது. "அத்தான், வெளிய வருது!" என்று கை தட்டினீர்கள். அந்த நேரத்தில்தான் பால் ஊற்றுகிற மாடத்தி வந்து, "நானும் ஒருக்கா ஊதுதேன் ஐயா" என்று வாங்கி ஊதினாள். அதுவும் வெளுத்தது. "பால்ல தண்ணி ஊத்துதேன்னு இத்தன வருசமா ஏசுனீயளே, இப்பப் பாருங்க, வெறுந்தண்ணியப் பாலாக்கிட்டேன்" என்று அவள் சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை. காம்பைப் பிடுங்கி ஊதினீர்கள். எங்கள் இரண்டு பேருடையதையும்விட உங்களுடையது நன்றாக வெளுத்தது.

"எனக்கு ஆப்பரேசனே நடக்கலியே அத்தான்! எப்படி வந்துச்சி?"

"எல்லாருக்கும் வரும் மாப்பிள்ளை" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"அப்ப இது ஒட்டுவாரொட்டி வியாதியா?"

"ஏலே தம்பி, செத்த நேரம் இருலே, காப்பி குடிச்சிட்டுப் போ" என்று உங்கள் அக்கா அடுக்களையிலிருந்து வருவதற்குள் நீங்கள் தெருமுனை தாண்டிவிட்டீர்கள், அவளுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு. மாடத்தி மட்டும் நின்று, "ஐயா, இதுக்கு ஊசி எம்புட்டு ஆகும்?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை, அது வியாதி இல்லை, மூச்சு. ஊதியும் தண்ணீர் வெளுக்கவில்லை என்றால்தான் நாலு பேரைத் தேட வேண்டும். என் தோள் வலி இன்றைக்குப் பாதிதான் இருக்கிறது, நாளை அதுவும் குறையும். அதைவிடப் பெரிய வலி, உங்கள் அக்கா நேற்றிலிருந்து என்னிடம் பேசிய ஒரே பேச்சு. "எனக்குன்னு இருக்கது ஒரே தம்பி. அவனையும் பயங்காட்டி வெரட்டிட்டீயளே" என்றாள். எனக்காக வேண்டாம், அவளுக்காக வியாழக்கிழமை மதுரைக்குப் பஸ் ஏறுங்கள். என்னைப் பார்க்க வர வேண்டாம், நேரே போங்கள்.

ஆண்டாள் ரங்கமன்னார் கிருபையால் தறி பெருகி, கல் ஒழிந்து, நெய்ச்சோறு தின்றும் நோகாத வயிற்றோடு நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

அத்தான்
அழகியமணவாளன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குக் காஞ்சனா போன் செய்தாள். நீங்கள் நேற்று ராஜபாளையமே போகவில்லையாம். இங்கிருந்தே மதுரை பஸ்ஸில் ஏறி, "எங்க அத்தான்கிட்டேருந்து எனக்கும் ஒட்டிக்கிட்டு. வெள்ளிக்கெழம வர தாங்காது. கல்லோட சேத்து இதையும் எடுத்து விட்ருங்க டாக்டர்" என்று நீங்களாகவே போய்ப் படுத்துவிட்டீர்களாம். நாளைக் காலையே ஆபரேஷனாம். ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உங்கள் அக்கா இப்போதே புறப்பட்டு நிற்கிறாள். நீங்கள் கண் விழித்த பிறகு அவள் கையால் தரச் சொல்லியிருக்கிறேன். தப்பித்தவறி முன்னாலேயே கிடைத்துவிட்டால், மேலே எழுதியதில் ஒரு வரியையும் நம்ப வேண்டாம். அது பொல்லாத வியாதி. எனக்கு வந்ததைவிட உங்களுக்கு அதிகம். கட்டிலை விட்டு இறங்கிவிடாதீர்கள்.