ஆளில்லாத அகலப்படம்

ஓய்வு பெற்றவன் கையில் கொடுக்கக் கூடாத பொருள்கள் இரண்டு: ஒன்று மைக், இன்னொன்று கேமரா. மைக்கைக் கொடுத்தால் கூட்டம் தூங்கிப் போகும், அதோடு சரி. கேமராவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் குப்பை கொட்டிவிட்டு, நாற்பது வயதுகூட ஆகாமல் பென்ஷனோடு வெளியே வந்த பாண்டிச்சேரிக்காரன் நான். (எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். கல்யாணச் சந்தையில் ஒரு காலத்தில் நல்ல விலை.) கடைசி சில வருஷங்கள் ஜிபூத்தியில் கழிந்தன. அங்கே பாலைவனம் ஒரு படத்துக்குள் அடங்காது. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழெட்டுப் படம் எடுத்து, ஓரங்களை வெட்டி வரிசையாக ஒட்டினால், அடிவானம் முழுசாகக் கிடைக்கும். இப்படி ஒட்டி ஒட்டி, எனக்குள் ஒரு கலைஞன் இருப்பதாக நம்பத் தொடங்கிவிட்டேன். பாலைவனத்தில் எதுவும் நகராது; நகர ஆளே கிடையாது. என் திறமையில் முக்கால் பங்கு அதுதான் என்று அப்போது உறைக்கவில்லை.

எண்பதுகளில் பிரெஞ்சுத் தலைநகரில், லா ஷப்பெல் பக்கம் குடிவந்தோம். மனைவி வேலைக்குப் போனாள், நான் ஓய்வை அனுபவித்தேன். பகல் சாப்பாடு ரூ காய் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்தார் கடையில். அதன் சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்தான் செல்வம். எனக்குத் தம்பி வயது. அகதி மனு தள்ளுபடியாகி, எந்த நேரமும் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் இருந்தார். மனைவி மலரும், தவழ்கிற மகளும் ஊரில். பேப்பர், அதாவது தங்கும் உரிமை, கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிட முடியும்.

என் பாலைவனப் படங்களைப் பார்த்து வாயைப் பிளந்த ஒரே மனிதர் அவர்தான். ஒருநாள் கேட்டார்.

"அண்ணை, இஞ்சையும் இப்பிடி ஒண்டு எடுப்பியளோ? கடையும் விழவேணும், தெருவும் விழவேணும், நானும் வாசல்லை நிக்கவேணும். மலர் பாக்கட்டும், நான் எங்கை இருக்கிறன் எண்டு."

கேட்க வேண்டுமா! கலைஞனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரு நிரம்பி வழியும். அன்றைக்கென்று பழைய பட்டாளத்துச் சட்டையை எடுத்து மாட்டினேன். ஃபிலிம் சுருள் வைக்க அதில்தான் பெரிய பைகள். காலில் அந்தக் காலத்து பூட்ஸ். மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, படம் எடுக்கப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?"

பெண்டாட்டி பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

நடுத்தெருவில் கேமரா முக்காலியை நிறுத்தினேன். செல்வம் சட்டை மாற்ற உள்ளே ஓடினார். "கூப்பிடுங்கோ அண்ணை, உடனை வாறன்" என்றார். கண்ணை வைத்துப் பார்த்தால், வந்தது வினை: தெருவே நகர்ந்துகொண்டிருந்தது. இப்படி எடுத்து ஒட்டினால் ஒருவருடைய தலை இன்னொருவர் உடம்பில் போய் உட்காரும். எல்லோரும் ஒரு நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பாண்டிச்சேரிக்காரனுக்குக் கோபம் தமிழில் வரும். அதிகாரம் மட்டும் பிரெஞ்சில்தான் வரும். கையை உயர்த்தி, அணிவகுப்பு மைதானக் குரலில் கத்தினேன்.

"நெ பூஜே பா!"

அசையாதீர்கள் என்று அர்த்தம். படம் பிடிப்பவரும் சொல்வார், ஆள் பிடிப்பவரும் சொல்வார். காக்கிச் சட்டை போட்டவன் சொன்னால் எது என்று யோசித்துக்கொண்டு நிற்க அந்தத் தெருவில் யாருக்கும் பைத்தியம் இல்லை.

"பொலிஸ்! பொலிஸ்!"

மரக்கறி வாங்கியவர் பையைப் போட்டுவிட்டு ஓடினார். ஷட்டர்கள் சடசடவென்று இறங்கின. கண்மூடித் திறப்பதற்குள் தெரு துடைத்துவிட்டது போலாயிற்று. மூளை உள்ளவன் அங்கேயே நிறுத்தி, தமிழில் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் என்ன செய்தேன்? வெளிச்சம் போய்விடுமே என்று, பதற்றத்தில் படபடவென்று சுட்டுத் தள்ளினேன். (இதை எழுதும்போதும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.)

ஓடாதவர் ஒரே ஒருவர். மன்னாரிலிருந்து புதிதாக வந்திறங்கிய சவரிமுத்து. பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாது. நான் கேமராவைத் திருப்பத் திருப்ப, கூடவே நடந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பூசை எண்டு சொன்னியள். எங்கையண்ணை பூசை? தமிழ்ப் பூசையோ?"

படத்தை ஒட்டிப் பார்த்தேன். தெரு முழுவதும் இறங்கிய ஷட்டர். அதன் முன்னால் மூன்று இடங்களில், மூன்று சவரிமுத்துகள். மூவரும் வாயைத் திறந்தபடி.

மறுநாள் சாப்பிடப் போனேன். அடுப்பில் ஆவி பறக்க, "சோறு முடிஞ்சுது" என்றார் முதலாளி. செல்வத்தை விசாரித்தேன். "அப்பிடி ஒருத்தர் இஞ்சை இல்லை." 'கமரா பொலிஸ்' ஆகிவிட்ட என்னைக் கடைக்குக் கூட்டி வந்த குற்றத்துக்காகச் செல்வத்தைப் படம் எடுத்த அன்று மாலையே வேலையிலிருந்து நிறுத்திவிட்டதைச் சவரிமுத்துதான் பிறகு சொன்னார். நான் வாங்கித் தின்ற சோற்றுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசிய முதலாளி அவர். ஆனால் அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சில வருஷம் கழித்து என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. செல்வம்! இளைத்திருந்தார். பேப்பருக்கு மறுபடியும் மனுப் போடுகிறாராம். இத்தனை வருஷமும் பிரான்சில்தான் இருந்தேன் என்று காட்டவேண்டுமாம். படம் எடுத்த அந்த ஒரு வருஷத்துக்குத்தான் சாட்சி ஒன்றும் இல்லை. பழைய முதலாளி எழுதித்தர மறுத்துவிட்டார்.

"அண்ணை, அண்டைக்கு எடுத்த படத்திலை ஏதும் ஒரு மூலையிலை நான் நிக்கிறனோ?"

ஒளிந்துகொண்டது எந்தப் படத்துக்கோ, அதில் தன்னைத் தேடி வந்திருந்தார். இருவரும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினோம். இல்லை. இருந்தும் நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு அவரோடு அவொக்காவிடம் போனேன். அந்த வக்கீல் அம்மாள் மேசையில் விரித்துப் பார்த்தார்.

"இவரா?" என்று சவரிமுத்துவைத் தொட்டார்.

"இல்லை."

"இவர்?"

"அதுவும் அவர்தான். செல்வம் இந்த ஷட்டருக்குப் பின்னால் இருக்கிறார், மதாம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படத்தைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். அந்த மனுவும் போயிற்று. பேப்பர் கைக்கு வர மேலும் வருஷங்கள் ஆயின. அதன்பிறகுதான் மலரும் பிள்ளையும் வந்தார்கள்.

இப்போது செல்வத்துக்குச் சொந்தக் கடை. படத்தை என்னிடம் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்: "அண்ணை எடுத்தது. இந்தச் சட்டருக்குப் பின்னாலை நிக்கிறது நான்தான், வடிவா விழுந்திருக்கிறன் என்ன?" கடையே சிரிக்கும். எங்கள் வீட்டிலும், குடும்பப் படத்தில் யாராவது விடுபட்டால், "செல்வம் மாமா மாதிரி ஷட்டருக்குப் பின்னால இருக்காங்க" என்பார்கள் பிள்ளைகள்.

மலர் மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன். மீதிச் சில்லறையை என் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"சிரியுங்கோ அண்ணை, பரவாயில்லை. எயார்போட்டிலை இவர் ஓடிவந்து தூக்க, என்ரை பிள்ளை அழுதழுது என்னைக் கேட்டது, 'அம்மா, இந்த மாமா ஆர்?' எண்டு."