‘ச’ மட்டும் கொஞ்சம் சீறுகிறது

காதை வைத்துக்கொண்டு கேட்காமலே வாழ்கிற ஒரு இனம் நம்மிடையே உண்டு. செவிடர்களைச் சொல்லவில்லை, அவர்கள் பாவம், உதட்டைப் பார்த்தாவது என்ன சொல்கிறோம் என்று புரிந்துகொள்வார்கள். இந்த இனத்துக்குக் காது பாம்புக் காது. ஆனால் பாட்டுப் போட்டால் பாட்டு விழாது, பேசினால் பேச்சு விழாது, சத்தம் மட்டும் விழும்.

நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரமாக, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மேடையில் இருப்பவர் இறந்துபோன நண்பரைப் பற்றித் தழுதழுத்துக்கொண்டிருந்தாலும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “லோ ஜாஸ்தி”, அதாவது அடிச்சத்தம் கூடிவிட்டது, என்று முணுமுணுப்பாரே, அவரேதான். அடுத்தவர் வீட்டுக்குப் போனால் உட்காருவதற்கு முன்னால் ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்ப்பார். எதற்கு? அறை எதிரொலிக்கிறதா என்று. கேட்டார்களா? யாரும் கேட்கவில்லை.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு ‘ட்ரெபிள் சார்’ என்று பெயர், ட்ரெபிள் என்றால் சத்தத்தின் கீச்சுப் பகுதி. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டார், பட்டம் கொடுத்ததுபோல் சிரிப்பார். போன மாதம் அவருடைய மைத்துனர் வேலை போன துக்கத்தில் போன் செய்து குமுறியபோது, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஸ்பீக்கர்ல போட்டிருக்கியாப்பா? கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு” என்றார். மைத்துனர் அதற்கப்புறம் அக்காவுக்கு மட்டும்தான் போன் செய்கிறார்.

ட்ரெபிள் சாரின் உயிர் அவருடைய மிக்ஸரில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே அடங்கிய கறுப்புப் பெட்டி. இரண்டு ஸ்பீக்கரைச் செருகினால் போதும், கடை விரித்துவிடலாம். பெட்டியின் நெற்றியில் ஈக்வலைசர் என்று ஏழு சின்னக் கட்டைகள் வரிசையாக நிற்கும். அடிக்கனத்திலிருந்து கீச்சு வரை குரலின் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கட்டை, மேலே தள்ளினால் அந்தப் பங்கு கூடும், கீழே இழுத்தால் குறையும். பக்கத்தில் அதை உயிர்ப்பிக்க ஒரு பொத்தான், பொத்தானுக்கு ஒரு பச்சை விளக்கு. அப்புறம் லிமிட்டர். யாராவது உணர்ச்சிவசப்பட்டுக் கத்தினால் அந்தச் சத்தத்தின் தலையில் கை வைத்து உட்கார வைத்துவிடும். அப்போது ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். இந்த மாதிரி ஒன்றை மனிதர்களுக்கும் பொருத்தியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும் என்பது ட்ரெபிள் சாரின் கட்சி. அவர் குடும்பத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. மனைவி “போதும்” என்பார், இவர் அடங்கிவிடுவார்.

அந்த அம்மாள் பெரிய மருத்துவமனையில் தலைமைச் செவிலியர். வீட்டில் இரண்டு சொல்லில் முடியும் விஷயத்துக்கு மூன்றாவது சொல் செலவழிக்க மாட்டார். அப்படிப்பட்டவருக்கு ஓய்வு பெறும் நாள் வந்தது. மருத்துவமனைக் கூட்ட அறையில் விழா. அங்கிருந்த மைக் செட் பழுது என்று தெரிந்ததும் நம்மவர் முகத்தில் வந்த மலர்ச்சியைக் கல்யாணத்தன்றும் யாரும் பார்த்ததில்லை.

“இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்தப் பெட்டியை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு முன்னால வந்து உக்காருங்களேன்” என்றார் அந்த அம்மாள், புடவைக்கு ஊசி குத்திக்கொண்டே.

“வேற யாரு பாத்துக்குவா? அது என்ன டேபிள் ஃபேனா?”

“நான் ஒண்ணு பேசணும்னு வச்சிருக்கேன். அதை நீங்க கேக்கணும்.”

“நான் கேக்காம யாரு கேப்பா? கேக்குறதுக்குத்தானேம்மா இவ்வளவு பெரிய பெட்டி!”

அந்த அம்மாள் அடுத்த ஊசியை எடுத்தார். ‘போதும்’ என்றுகூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம்.

மருத்துவமனையில் ட்ரெபிள் சார் வழக்கமான சடங்குகளை நடத்தினார். மைக்கைத் தட்டினார், ஊதினார், இருமினார். “ஹலோ, ஹலோ” என்றார். ஈக்வலைசரைப் போட்டுக் கேட்டார், அணைத்துக் கேட்டார், மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். வித்தியாசம் கண்டுபிடிப்பதில் அப்படி ஒரு சுகம். அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ், “சார், மேடையில வயர் தடுக்குது” என்று கூப்பிட, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

பெரிய டாக்டர் பேசினார். அவருக்கு மைக் தேவையே இல்லை, லிமிட்டர்தான் தேவை. சிவப்பு விளக்கு கண் சிமிட்டிச் சிமிட்டி ஓய்ந்தது. பிறகு அந்த அம்மாள் எழுந்தார். கையில் காகிதம் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் வார்டைப் பற்றி, கூட வேலை பார்த்தவர்களைப் பற்றி, சிறிய குரலில் சொல்லிக்கொண்டு போனார்.

கடைசி வரிசைக்குப் பின்னால் ட்ரெபிள் சாரின் தலை சாய்ந்தது. ஒரு கண் மூடியது. ‘ச’ சீறுகிறதே! ‘சிஸ்டர்’ என்றால் சீறுகிறது, ‘சந்தோஷம்’ என்றால் சீறுகிறது. மேல்ஸ்தாயிக் கட்டையைக் கொஞ்சம் இறக்கினார். இன்னும் ஒரு மயிரிழை. ஆ, அடங்கிவிட்டது! ஆனால் குரல் மங்கிவிட்டதோ? நடுக்கட்டையைக் கொஞ்சம் ஏற்றினார். தெளிந்தது. கொஞ்சம் கனம் கொடுத்தால்? கொடுத்தார். தன் மனைவியின் குரல் இவ்வளவு அழகாக ஒலித்து அவர் கேட்டதே இல்லை, நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போது அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தது இது:

“எங்க வீட்டுக்காரரைப் பத்தி எல்லாரும் கேலி பண்ணுவீங்க. நானும் பண்ணுவேன். ஆனா நைட் டியூட்டி முடிஞ்சு போறப்ப, நான் வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தத்தை வச்சே, வார்டுல யாரோ போயிட்டாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். ஒரு வார்த்தை கேக்க மாட்டார். வெந்நீர் போட்டு வச்சுட்டு, பக்கத்துல வந்து சும்மா உக்காந்திருப்பார். அந்தக் காது இல்லேன்னா நான் இந்த வேலையை என்னிக்கோ விட்டிருப்பேன். இதை அவர்கிட்ட வீட்டுல ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு வராது. அதான் மைக்ல சொல்றேன்.”

அறையே எழுந்து நின்று தட்டியது. கைதட்டல் மைக்கில் புகுந்து சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. “லிமிட்டர் அடிக்குதே!” என்று நம்மவர் பதறிக் குமிழைப் பிடித்தார். மேடையிலிருந்து அந்த அம்மாள் அவர் இருந்த திசையைப் பார்த்தார். வழுக்கையின் உச்சிதான் தெரிந்தது.

விழா முடிந்ததும் ஆள் ஆளாக வந்து அவர் கையைப் பிடித்தார்கள். கண் கலங்கியிருந்த ஒரு நர்ஸ், “கொடுத்து வச்சவர் சார் நீங்க” என்றார்.

“அட, இதுல என்ன இருக்கு? மேல கொஞ்சம் இறக்கினேன், நடுவுல கொஞ்சம் ஏத்தினேன், அவ்வளவுதான்” என்றார் ட்ரெபிள் சார் அடக்கமாக.

பெரிய டாக்டர் முதுகில் தட்டி, “உங்க காதைப் பத்தி இன்னிக்குத்தான் முழுசாத் தெரிஞ்சுது” என்றார். நம்மவர் பூரித்துப்போனார். சத்தத்தின் அருமை தெரிந்த மனிதர்கள் மருத்துவத் துறையில்தான் இருக்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினார்.

அந்தப் பூரிப்போடு பெட்டியை மூடக் குனிந்தவர் அப்படியே நின்றார். ஈக்வலைசரின் பச்சை விளக்கு எரியவில்லை. வயரைப் பார்க்க ஓடியபோது அணைத்தது, அணைத்தபடியே கிடந்திருக்கிறது. அவர் இறக்கிய கட்டை எதையும் இறக்கவில்லை. ஏற்றியது எதையும் ஏற்றவில்லை. சீறிய ‘ச’வை அடக்கியது யார்? யாருமில்லை. அது சீறவே இல்லையோ என்னவோ. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, எல்லாக் கட்டைகளையும் நடுவுக்குத் தள்ளிவிட்டுப் பெட்டியைச் சாத்தினார்.

காரில் போகும்போது அந்த அம்மாள் மாலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “எப்படி இருந்துச்சு?”

“அருமை! கண்ணாடி மாதிரி. ‘ச’ மட்டும் கொஞ்சம்...”

“நான் கடைசியா என்ன சொன்னேன்?”

கார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதில் லோ ஜாஸ்தியா என்று யோசிக்க அவருக்கு முதல்முறையாகத் தோன்றவில்லை. நர்ஸின் ஈரக் கண்ணும் டாக்டர் தட்டிய தட்டும் ஒவ்வொன்றாக வந்து உறைத்தன.

“இன்னொரு தடவை சொல்லேன்” என்றார், மிகவும் சின்னக் குரலில்.

“அதுக்கு நான் இன்னொரு தடவை ரிட்டயர் ஆகணும்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். எங்கள் தெருவிலும் ஒரு ட்ரெபிள் இருக்கிறார், அவருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு சந்தேகம். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து யாரோ உங்களிடம் ஏதோ சொன்னார்கள். நீங்களும் தலை நிமிராமல் “ம்” என்றீர்கள்.

என்ன சொன்னார்கள்?